பாரிஸில் பாத்திரம் கழுவிய ஜார்ஜ் ஆர்வெல்

பீகார் மாநிலம் மோதிஹாரியில் 1903 ஜூன் 25-இல் பிறந்த எரிக் ஆர்தர் பிளேர், தமது 26-ஆம் வயதில் பாரிஸ் நகரின் ஆடம்பர ஹோட்டல் ஒன்றின் நிலவறையில் எச்சில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பின்னாளில் ஜார்ஜ் ஆர்வெல் என்ற பெயரில் 'விலங்குப் பண்ணை', '1984' ஆகிய நாவல்களைப் படைத்தவர் இவரே.

தந்தை ரிச்சர்ட் பிளேர், பிரிட்டிஷ் இந்திய அரசின் அபினித் துறை அதிகாரி. காந்தியடிகளின் 1917 சம்பாரண் சத்தியாகிரகத்தால் வரலாற்றில் இடம்பெற்ற மோதிஹாரியில், குழந்தை எரிக் ஓராண்டளவே வாழ்ந்தார். 1904-இல் தாய் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். உதவித்தொகை பெற்று ஈட்டன் பள்ளியில் பயின்ற அவர், பல்கலைக்கழகத்தை நாடாமல் 1922-இல் பர்மாவில் காவல்துறை அதிகாரியாகச் சேர்ந்தார்.

ஐந்து ஆண்டுகளில் அந்த வேலை கசந்தது. 1927-இல் விடுப்பில் ஊர் திரும்பியவர் பதவியைத் துறந்தார். அடக்கி ஆளும் அமைப்பின் அங்கமாக இருந்த குற்ற உணர்வு அவரை அரித்தது. அதற்குக் கழுவாய் தேடுவதுபோல், கந்தலாடை அணிந்து லண்டனின் ஏழைகளோடும் நாடோடிகளோடும் சுற்றத் தொடங்கினார்.

எழுத்தாளராகும் கனவோடு 1928 வசந்தகாலத்தில் பாரிஸ் சென்றார். தொழிலாளர்கள் நிறைந்த ஒரு குறுகிய தெருவில் மலிவான விடுதி அறையில் குடியேறினார். அங்கு எழுதிய நாவல் எதுவும் அச்சேறவில்லை. சில கட்டுரைகள் மட்டுமே வெளிவந்தன. 1929 மார்ச்சில் நுரையீரல் நோயால் ஏழைகளுக்கான பொது மருத்துவமனையில் கிடந்தார். பிறகு, கையிருப்பில் பெரும்பகுதி அறையிலிருந்து திருடுபோனது.

வறுமை எத்தனை சிக்கலானது என்பதை அவர் கற்றது அப்போதுதான். உண்ணக் காசில்லாத நாளிலும், விடுதி உரிமையாளர் ஐயுறாதிருக்கச் சாப்பாட்டு வேளையில் வெளியே சென்று வர வேண்டும். காய்ச்சிய பாலில் மூட்டைப்பூச்சி விழுந்தால் அன்று பட்டினிதான். ரொட்டித் துண்டின் எடை சற்றுக் கூடிவிட்டால், கூடுதல் காசு கொடுக்க இயலாமல் கடையிலிருந்து நழுவ வேண்டும். மாற்றுடைகள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குச் சென்றன. அவரோடு வேலை தேடி அலைந்த ரஷ்ய அகதியான நண்பர், காலுறைக் கிழிசல் தெரியாமலிருக்கக் கணுக்கால் தோலில் மை பூசிக்கொள்வார். பசியைவிட, இந்த ஓயாத நடிப்பும் வேலையற்ற பொழுதின் சலிப்புமே அவரை அதிகம் வாட்டின.

கடைசியில் ஹோட்டல் வேலை கிடைத்தது. காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை, பிற்பகல் இடைவேளை நீங்கலாக, அனல் வீசும் நிலவறையில் ஓட்டம். பளபளக்கும் உணவுக்கூடத்துக்கும் அழுக்கு மண்டிய சமையற்கட்டுக்கும் இடையே இருந்தது ஓர் இரட்டைக் கதவு மட்டுமே. அடுத்துச் சேர்ந்த ரஷ்ய உணவகத்தில் உழைப்பு நாளொன்றுக்கு 17 மணி நேரத்தைத் தொட்டது.

ஆனால், அவருடைய நூல் சொல்லாத ஒன்று உண்டு. அவர் பட்டினி கிடந்த அதே பாரிஸில் தாயின் சகோதரி நெல்லி லிமூசின் வசித்து வந்தார். நாட்குறிப்பின் சாயல் கொண்ட அந்நூலில் அவருக்கு இடமில்லை. 1929 டிசம்பரில் இங்கிலாந்து திரும்பியதும் எரிக் சேர்ந்தது பெற்றோரின் இல்லத்தில். நூலின் நாயகனோ நாடோடி விடுதிகளில் படுத்துறங்குகிறான். ரஷ்ய நண்பருக்கு இத்தகைய புகலிடம் இல்லை. தாயின் சகோதரியின் கதவைத் தட்டாமல் அடகுக் கடைக்குச் சென்றது எரிக்கின் பிடிவாதம் எனலாம். ஆயினும் பசி பொய்யல்ல. நிகழ்வுகளின் வரிசைதான் மாறியது, அனைத்தும் ஏதோ ஒரு காலத்தில் நடந்தவையே என்று பிரெஞ்சுப் பதிப்பின் முன்னுரையில் அவர் விளக்கினார்.

கையெழுத்துப் படியை இரு பதிப்பகங்கள் நிராகரித்தன. அவற்றுள் ஒன்றின் சார்பில் மறுத்தவர் கவிஞர் டி.எஸ். எலியட். மனமுடைந்த எரிக், தாள்களை எரித்துவிட்டுக் கிளிப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளுமாறு குடும்ப நண்பர் மேபல் ஃபியர்ஸிடம் கூறினார். அவரோ எரிக்காமல் இலக்கிய முகவர் ஒருவரிடம் கொண்டு சேர்த்தார். 1933 ஜனவரியில் விக்டர் கொலன்ஸ் நிறுவனம் நூலை வெளியிட்டது. மகனின் நாடோடி வாழ்க்கை குடும்பத்தாருக்குச் சங்கடம் தரக்கூடாதென்று புனைபெயர் தேடியவர், சஃபோக் பகுதியில் ஓடும் ஆர்வெல் ஆற்றின் பெயரைச் சூடினார்.

காசநோயால் 1950 ஜனவரி 21-இல் லண்டனில் காலமானபோது அவருக்கு வயது 46. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே சட்டன் கோர்ட்னி கிராமத்தில் உள்ள கல்லறையில் எரிக் ஆர்தர் பிளேர் என்ற இயற்பெயர் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளது.