சத்யேந்திரநாத் போஸ்: வகுப்பறை தந்த விஞ்ஞானி

உயர்தரப் பௌதிகவியல் பாடத்தில் தளங்கள் உராய்வற்றவை, இழைகள் நீளாதவை, வாயுக்கள் இலட்சிய வாயுக்கள். மழையில் வழுக்கும் தோட்டப் பாதையில் காலூன்றிப் பாடசாலைக்கு வரும் ஹட்டன், நுவரெலியா மாணவனுக்கு இவ்வுலகம் அந்நியமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. இம்மாதிரியுருக்களின் பயனையும் எல்லையையும் உணர்த்தும் வாழ்க்கை, பேராசிரியர் சத்யேந்திரநாத் போஸுடையது.

1894ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி கல்கத்தாவில் பிறந்த போஸ், ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன். கிழக்கு வங்காள முஸ்லிம்களின் உயர்கல்விக் கோரிக்கையின் பயனாக 1921இல் திறக்கப்பட்ட டாக்கா பல்கலைக்கழகத்தில் அவ்வாண்டே விரிவுரையாற்றச் சேர்ந்தார்.

வெப்பக் கதிர்வீச்சு பற்றி மெக்ஸ் பிளாங்க் 1900இல் கண்ட விதியை மாணவருக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது. விதி சரியானது, அதை நிறுவிய வழியோ பழைய அலைக்கொள்கையையும் புதிய கருத்தையும் கலந்திருந்தது. தமக்கே நிறைவளிக்காத விளக்கத்தை மாணவர் முன் வைக்க அவர் மனம் ஒப்பவில்லை. எனவே ஒளியைத் துணிக்கைகளாலான வாயுவாகவே கருதினார்.

இங்கு பழைய மாதிரியுரு பொருந்தவில்லை. இரு நாணயங்களைச் சுண்டினால் பூ, தலை என நான்கு விளைவுகள் உண்டு. ஒளித்துணிக்கைகளோ ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய முடியாதவை. அவற்றை அவ்வாறு எண்ணினால் விளைவுகள் மூன்றே. எண்ணும் முறையை மாற்றியதும் பிளாங்க்கின் விதி தெளிவாகக் கிடைத்தது.

1924 ஜூனில் அக்கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். அவர் தாமே அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்ததுடன், அணுக்களுக்கும் விரிவுபடுத்தினார். அதன்வழி எதிர்வுகூறப்பட்ட புதிய சடநிலை 1995இல் ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்டது. 2001இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. போஸுக்கு அப்பரிசு கிட்டவேயில்லை. எனினும் ஒருவகைத் துணிக்கைகள் 'போசோன்' என அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன.

தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்க இயலும் என்பதில் உறுதியாயிருந்த அவர், அதற்கென 1948இல் வங்கீய விஞ்ஞான பரிஷத்தை நிறுவினார். 1974 பெப்ரவரி 4ஆம் திகதி காலமானார்.

மலையகத் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை நெடுங்காலக் குறையாகும். நியமனங்கள் அவசியம், அவை மட்டும் போதா. உராய்வற்ற தளத்தைக் கரும்பலகையில் வரையும் ஆசிரியர், உராய்வை ஏன் நீக்கினோம், எங்கே அதை மீண்டும் சேர்க்க வேண்டும் என்பதையும் விளக்கியாக வேண்டும். அவ்விளக்கம் இல்லாதவிடத்து மாணவன் சமன்பாட்டை மனனம் செய்வான்; விஞ்ஞானத்தைக் கற்கமாட்டான்.