தட்டிய கதவுகள்

கேம்பிரிட்ஜ் நகரில் கடுங்குளிர் தொடங்கியிருந்தது. டிரினிட்டி கல்லூரி அறை ஒன்றில், கணப்பு அடுப்புக்கு மிக அருகில் இளைஞர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவரைப் பார்க்க வந்த இந்திய மாணவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ், இரவில் குளிரில்லாமல் உறங்க முடிகிறதா என்று விசாரித்தார். மேலங்கியை அணிந்து, அதன்மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தாலும் குளிர் தாங்க முடியவில்லை என்றார் அந்த இளைஞர்.

கம்பளி போதவில்லையோ என்று எண்ணிய மகலனோபிஸ் படுக்கையறைக்குச் சென்று பார்த்தார். கட்டிலில் பல கம்பளிகள் இருந்தன. அவற்றின் ஓரங்கள் மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகப்பட்டிருந்தன. கம்பளியை விலக்கி, அதற்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது இளைஞருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே படுத்து, இரவெல்லாம் நடுங்கியிருக்கிறார். எப்படிப் படுப்பது என்பதை மகலனோபிஸ் அவருக்குக் காட்டிக்கொடுத்தார்.

அந்த இளைஞர்தான் கணித மேதை சீனிவாச இராமானுஜன். கணிதத்தில் யாரும் கேட்காத கேள்விகளை எல்லாம் கேட்டவர் அவர். ஆயினும், குளிருக்கு என்ன செய்வது என்று பக்கத்து அறையில் இருந்தவரிடம் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால், இந்த இரண்டு இயல்புகளையும் தொடர்ந்து காணலாம்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடை ஒன்றில் கணக்கராக வேலை பார்த்தார். தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பக்திப் பாடல்கள் பாடுவார். குறைந்த வருமானத்தில் நடந்த குடும்பம் அது.

பள்ளியில் இராமானுஜன் கெட்டிக்கார மாணவராக விளங்கினார். ஆனால், தோல்வி அவரை மிகவும் காயப்படுத்தியது. ஒருமுறை கணக்குத் தேர்வில் அவர் 45க்கு 42 மதிப்பெண் பெற்றார். அவருடைய நண்பரோ 43 பெற்றார். அந்த ஒரு மதிப்பெண் வேறுபாட்டைத் தாங்க முடியாமல் இராமானுஜன் நண்பருடன் பேச மறுத்து, அழுதுகொண்டே வீட்டிற்கு ஓடிவிட்டார்.

பதினாறு வயதை எட்டும்போது ஒரு கணித நூல் அவர் கைக்குக் கிடைத்தது. கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த அந்நூலில் ஏறத்தாழ 5,000 கணித முடிவுகள் வரிசையாகத் தரப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றுக்கு முழு விளக்கம் இல்லை. அவற்றைத் தாமே மெய்ப்பித்துப் பார்ப்பதில் இராமானுஜன் மூழ்கிப்போனார். காகிதம் விலை மிகுந்த பொருளாக இருந்ததால் சிலேட்டில் கணக்குப் போடுவார். எழுதியதைத் துணியால் துடைக்கக்கூடப் பொறுமை இருக்காது. முழங்கையாலேயே அழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைப்பார்.

1904ஆம் ஆண்டு உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணிதத்தைத் தவிர வேறு எந்தப் பாடத்திலும் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தோல்வியுற்றார். உதவித்தொகை நின்றுபோனது. அதுவரை ஊரார் புகழ்ந்த மாணவர் அவர். இப்போது கட்டணம் கட்டவே வீட்டில் வழியில்லை. தம் வருத்தத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், வீட்டில் சொல்லாமல் இரயிலேறி விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார். மகனைக் காணாமல் பெற்றோர் துடித்தனர். அவரைத் தேடும் செய்தி நாளிதழில் வெளியானது. சில வாரங்களுக்குப் பிறகே அவர் வீடு திரும்பினார்.

அடுத்த ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் கதை மாறவில்லை. கணிதத்தில் சிறந்து விளங்கியவர் உடலியல் பாடத்தில் தோற்றார். இருமுறை தேர்வெழுதியும் தேர்ச்சி கிட்டவில்லை. இருபது வயதில் அவரிடம் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. கணித முடிவுகள் நிறைந்த குறிப்பேடுகள் மட்டுமே இருந்தன. 1909ஆம் ஆண்டு அவருக்கும் ஜானகிக்கும் திருமணம் நடந்தது. அக்கால வழக்கப்படி ஜானகி அப்போது சிறுமி. இனிக் குடும்பத்தைக் காக்க வேண்டிய பொறுப்பு இராமானுஜனைச் சேர்ந்தது.

இந்தக் கட்டத்தில்தான் அவர் புதிய வழி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். ஓடி ஒளிவதற்குப் பதிலாகக் குறிப்பேடுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, தெரிந்தவர் தெரியாதவர் என்று பாராமல் ஒவ்வொரு கதவாகத் தட்டத் தொடங்கினார்.

முதலில் திருக்கோவிலூருக்குச் சென்றார். அங்கே துணை ஆட்சியராக இருந்த இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். அவருடைய அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை கிடைத்தால் போதும் என்பது இராமானுஜனின் கோரிக்கை. குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்த இராமசாமி ஐயர் வேலை தரவில்லை. இத்தகைய அறிவை ஒரு சிற்றூர் அலுவலகத்தில் முடக்கிவிடக் கூடாது என்று அவர் கருதினார். சென்னையில் உள்ள கணித அறிஞர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அவ்வழியே இராமானுஜன் நெல்லூர் மாவட்ட ஆட்சியர் இராமச்சந்திர ராவைச் சந்தித்தார். முதலில் ராவுக்கு நம்பிக்கை ஏற்படவில்லை. கசங்கிய உடையுடன் வந்து நின்ற இளைஞர் உண்மையிலேயே திறமைசாலியா என்று ஐயுற்றார். அத்துடன் விட்டுவிடாமல், பள்ளிக்கால நண்பர் ஒருவரின் துணையுடன் இராமானுஜன் மீண்டும் சென்று தம் முடிவுகளைப் பொறுமையாக விளக்கினார். எளியதிலிருந்து கடினமானதை நோக்கிப் படிப்படியாக எடுத்துச் சொன்னார். ராவின் ஐயம் நீங்கியது. என்ன உதவி வேண்டும் என்று கேட்டார். கவலையின்றிக் கணித ஆய்வு செய்யும் அளவுக்கு உணவுக்கு வழி இருந்தால் போதும் என்றார் இராமானுஜன். ராவ் மாதந்தோறும் 25 ரூபாய் கொடுத்து வந்தார்.

பிறர் பணத்திலேயே காலம் கழிக்க இராமானுஜன் விரும்பவில்லை. 1912ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். அங்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். மாலை வேளைகளில் இருவரும் சிலேட்டுகளுடன் அமர்ந்து கணக்குப் போடுவார்கள். நாராயண ஐயரும் பிறரும் ஊக்கமளிக்கவே, இங்கிலாந்தின் கணிதப் பேராசிரியர்களுக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். இருவர் உதவ முன்வரவில்லை. அவர் மனம் தளராமல் மூன்றாவது கடிதத்தை 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு அனுப்பினார். பல்கலைக்கழகக் கல்வி பெறாத ஓர் எழுத்தர் தாம் என்பதை மறைக்காமல் எழுதி, ஏறத்தாழ 120 தேற்றங்களையும் இணைத்திருந்தார்.

அக்கடிதத்தை ஹார்டியும் அவருடைய நண்பர் லிட்டில்வுட்டும் ஒரே நாளில் ஆராய்ந்தனர். இதை எழுதியவர் முதல்தரக் கணித அறிஞர் என்று முடிவுசெய்தனர். சென்னைப் பல்கலைக்கழகம் உதவித்தொகை வழங்கியது. 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் இராமானுஜன் கப்பலேறினார்.

கேம்பிரிட்ஜில் அவருடைய ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. ஹார்டியும் அவரும் நாள்தோறும் கணிதம் பேசினர். 1916ஆம் ஆண்டு அவருக்குப் பட்டம் கிடைத்தது. வெளியிலிருந்து பார்த்தோருக்கு இது முழு வெற்றியாகவே தெரிந்திருக்கும்.

ஆனால், அறைக்குள் இருந்த நிலை வேறு. அவர் இங்கிலாந்துக்கு வந்த சில மாதங்களிலேயே முதல் உலகப் போர் மூண்டது. லிட்டில்வுட் போர்ப் பணிக்குச் சென்றார். உணவுப் பொருள்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. மரக்கறி மட்டுமே உண்ணும் இராமானுஜன், கல்லூரி உணவகத்தில் பிறருடன் அமர்ந்து உண்ணாமல் அறையிலேயே தனியாகச் சமைத்துக்கொண்டார். கணிதத்தில் மூழ்கிவிட்டால் வேளைக்கு உண்பதும் இல்லை, உறங்குவதும் இல்லை. ஊரில் அவருடைய தாயாருக்கும் ஜானகிக்கும் இடையே மனக்கசப்பு வளர்ந்திருந்தது. கணவன் மனைவி எழுதிய கடிதங்கள் ஒருவருக்கொருவர் சென்று சேரவில்லை. காரணம் தெரியாமல் தவித்த இராமானுஜன், வீட்டிற்குக் கடிதம் எழுதுவதையே குறைத்துக்கொண்டார். இவற்றைப் பற்றி அவர் ஹார்டியிடம் மனம் திறந்து பேசவில்லை. ஹார்டியும் கூச்ச இயல்பு உடையவர். கணிதத்தைத் தாண்டி அவர் அதிகம் கேட்கவில்லை.

பழைய இயல்பு மீண்டும் தலைதூக்கியது. ஒருநாள் நண்பர்களை விருந்துக்கு அழைத்து, தாமே சமைத்துப் பரிமாறினார் இராமானுஜன். ரசத்தை மீண்டும் பரிமாற முற்பட்டபோது, உண்டது போதும் என்று பெண் விருந்தினர்கள் மறுத்தனர். சற்று நேரத்தில் இராமானுஜனைக் காணவில்லை. சில நாள்களுக்குப் பிறகு, பணம் அனுப்பும்படி ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து அவருடைய தந்தி வந்தது. தம் சமையலை அவர்கள் ஒதுக்கிவிட்டதாக எண்ணி மனம் நொந்து, கையிலிருந்த பணத்துடன் இரயிலேறிவிட்டார் என்பது பிறகே தெரிந்தது. விசாகப்பட்டினத்திற்குச் சென்ற பதினேழு வயது மாணவரின் வேதனை அவருக்குள் இன்னும் இருந்தது.

1917ஆம் ஆண்டு அவர் கடுமையாக நோயுற்றார். மருத்துவ இல்லங்களில் மாறி மாறித் தங்க நேர்ந்தது. குளிர், தனிமை, பிடிக்காத உணவு, ஊர் நினைவு ஆகிய அனைத்தும் சேர்ந்து அவரை வாட்டின. 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வாழ்வே வேண்டாம் என்னும் அளவுக்கு அவர் மனமுடைந்து போனார். உரிய நேரத்தில் உதவி கிடைத்ததால் உயிர் தப்பினார். ஹார்டி விரைந்து வந்து துணைநின்றார்.

அவரைச் சுற்றி இருந்தவர்கள் அதன் பிறகே அவருடைய உள்ளத்தின் நிலையை முழுமையாக உணர்ந்தனர். அவருக்கு நம்பிக்கையூட்ட வேண்டும் என்று ஹார்டி முனைந்தார். அவ்வாண்டு இராமானுஜன் இலண்டன் அரசக் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வறிஞர் குழுவில் இடம்பெற்ற முதல் இந்தியராகவும் ஆனார். அவருடைய மனம் மெல்லத் தெளிந்தது. மீண்டும் ஆய்வில் ஈடுபட்டார்.

ஹார்டி அவரை மருத்துவ இல்லத்திற்குச் சென்று பார்ப்பார். ஒருமுறை தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சிறப்பில்லாத எண்ணாகத் தோன்றுகிறது என்றும் பேச்சுவாக்கில் சொன்னார். படுக்கையில் இருந்த இராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு வேறு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றார். ஒன்றின் கனத்தையும் பன்னிரண்டின் கனத்தையும் கூட்டினாலும் 1729 வரும். ஒன்பதின் கனத்தையும் பத்தின் கனத்தையும் கூட்டினாலும் 1729 வரும். நண்பர் ஒருவர் வந்து பக்கத்தில் அமர்ந்து சாதாரணமாகப் பேசிய பேச்சில் பிறந்த செய்தி இது. இன்று உலகெங்கும் கணித மாணவர்கள் இதை அறிவார்கள்.

1919ஆம் ஆண்டு இராமானுஜன் தாயகம் திரும்பினார். நோய் முற்றியிருந்தது. ஜானகி அருகிலிருந்து அவரைக் கவனித்துக்கொண்டார். படுத்த படுக்கையாக இருந்தபோதும் அவர் புதிய கணித முடிவுகளை எழுதிக்கொண்டே இருந்தார். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 32. அவர் இறுதிக் காலத்தில் எழுதிய தாள்கள் 1976ஆம் ஆண்டு டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. கணித அறிஞர்கள் அவற்றைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். அவருடைய பிறந்தநாளை இந்தியா தேசியக் கணித நாளாகக் கொண்டாடுகிறது.

இராமானுஜனின் அறிவு பிறவியிலேயே வாய்த்தது எனலாம். ஆயினும், கும்பகோணத்திலிருந்து கேம்பிரிட்ஜ் வரை அவரைக் கொண்டு சென்றது அறிவு மட்டும் அன்று. தயங்காமல் உதவி கேட்டதும், ஒருவர் மறுத்தபோது இன்னொருவரை நாடியதும் அவருக்கு வழி திறந்தன. கணிதத்திற்காக அவ்வளவு துணிவுடன் கதவுகளைத் தட்டியவர், மனத்துயருக்காக ஒரு கதவையும் தட்டவில்லை. தட்டியிருந்தால் அவருடைய நோய் தீர்ந்திருக்கும் என்று கூற முடியாது. ஆனால், அத்தனை சுமையையும் அவர் தனியாகச் சுமந்திருக்க வேண்டியதில்லை.

உதவி கேட்பது பலவீனம் அன்று. பழகிக் கற்றுக்கொள்ள வேண்டிய திறன். அதைப் போலவே, அருகில் இருப்பவரின் நலனை விசாரிப்பதும் ஒரு திறன். மகலனோபிஸ் பெரிய உதவி எதையும் செய்துவிடவில்லை. இரவில் நன்றாக உறங்க முடிகிறதா என்று கேட்டார். பதிலைக் கேட்டபின் எழுந்து சென்று பார்த்தார். அன்றிரவு இராமானுஜன் குளிரின்றி உறங்கினார்.