ஓமோரியைக் கண்ட ஆசிரியர்

பாடநூலைப் படித்துத் தேர்வில் வெல்வோர் பலர். கண்ணெதிரே கிடப்பதைக் கூர்ந்து நோக்கி அதன் பொருளை உணர்வோர் சிலரே. அச்சிலருள் ஒருவர், அமெரிக்காவில் பிறந்து ஜப்பானில் ஆசிரியப் பணி ஆற்றிய எட்வர்ட் சில்வெஸ்டர் மோர்ஸ். விலங்கியல் மாணவரும் வரலாற்று மாணவரும் ஒருங்கே அறிய வேண்டிய பெருமகனார் அவர்.

இளமை

மெயின் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் 1838ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் மோர்ஸ் பிறந்தார். வகுப்பறை அவருக்கு ஒத்துவரவில்லை. அடங்காத பிள்ளை என்று ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் அவரை வெளியேற்றின. ஆனால் காடும் கடற்கரையும் அவருக்குப் பள்ளிகளாயின. நத்தை ஓடுகளையும் சிப்பிகளையும் தேடித் திரட்டி வகைப்படுத்தினார். இருபது வயது நிரம்புமுன், அதுவரை எவரும் விவரித்திராத மிகச் சிறிய நத்தையினம் ஒன்றை அறிவியல் உலகிற்கு அறிமுகம் செய்தார். பிழைப்புக்காகப் புகைவண்டி எஞ்சின் தொழிற்சாலையில் வரைபடம் வரைந்தார்.

1859இல் ஹார்வர்டுப் பேராசிரியர் லூயி அகாசியின் உதவியாளரானார். அகாசி, டார்வினின் பரிணாமக் கொள்கையை இறுதிவரை ஏற்காதவர். மோர்ஸோ சான்றுகளைச் சீர்தூக்கிப் பார்த்து அதனை ஏற்றார். கூர்ந்து நோக்கும் பயிற்சியை ஆசானிடம் பெற்றவர், அப்பயிற்சி காட்டிய வழியில் ஆசானையே கடந்து சென்றார்.

கடல் கடந்த பணி

பார்வைக்குச் சிப்பி போலிருந்தும் சிப்பியினத்தைச் சேராத பிராக்கியோபாடு என்னும் கடலுயிரை ஆராய்வது மோர்ஸின் விருப்பம். அவ்வுயிர் ஜப்பானியக் கடலில் மிகுதி என்றறிந்து 1877 ஜூனில் யோகோஹாமா துறைமுகத்தில் இறங்கினார். அவ்வாண்டுதான் டோக்கியோ பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றிருந்தது. அதன் முதல் விலங்கியல் பேராசிரியராகும் வாய்ப்பு அவரைத் தேடி வந்தது. கோடையில் எனோஷிமா தீவில் சிறு குடிசை ஒன்றை ஆய்வுக்கூடமாக்கிக் கடலுயிர்களைச் சேகரித்தார்.

யோகோஹாமாவிலிருந்து டோக்கியோவுக்கு 1872இல்தான் புகைவண்டி ஓடத் தொடங்கியிருந்தது. அவ்வண்டியில் முதன்முறை சென்றபோது, ஓமோரிக்கு அருகே பாதைக்காக வெட்டப்பட்ட மேட்டில் வெண்ணிறச் சிப்பி அடுக்குகள் தெரிவதை மோர்ஸ் கண்டார். அவ்வழியே நாள்தோறும் எத்தனையோ பேர் சென்றனர். அமெரிக்கக் கரையில் இத்தகைய மேடுகளைப் பார்த்துப் பழகியவர் ஆதலின், அது பண்டை மனிதர் உண்டு எறிந்த சிப்பிகளின் குவியல் என அவர் உடனே உணர்ந்தார். செப்டம்பரில் மாணவர்களோடு சென்று அகழ்ந்தார். மட்கலங்களும் எலும்புக் கருவிகளும் கிடைத்தன. ஜப்பானில் அறிவியல் முறையில் நடந்த முதல் அகழாய்வு அதுவே.

கலங்களில் கயிற்றை அழுத்திய தடங்கள் காணப்பட்டன. மோர்ஸ் அவற்றைக் கயிற்றுத்தடக் கலங்கள் என்றார். அப்பொருள்படும் ஜோமோன் என்னும் சொல்லே பின்னர் ஜப்பானின் ஒரு நெடிய தொல்பழங்காலத்திற்குப் பெயராயிற்று. மேட்டுச் சிப்பிகளை அக்காலக் கடற்கரைச் சிப்பிகளோடு ஒப்பிட்டு, அவற்றின் வடிவிலும் அளவிலும் மாற்றம் நேர்ந்துள்ளது என்றும் காட்டினார். இம்முடிவைச் சிலர் எதிர்த்தனர். மோர்ஸ் எழுதிய விடையை 1880இல் டார்வினே நேச்சர் இதழுக்கு அனுப்பி வைத்தார்.

வகுப்பில் இரு கைகளாலும் ஒரே நேரத்தில் கரும்பலகையில் படம் வரைவார் மோர்ஸ். பரிணாமக் கொள்கையைப் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் ஜப்பானிய இளைஞரைச் சிந்திக்க வைத்தன. ஆயினும் அவருடைய ஆசிரியப் பணியின் பெரும் வெற்றி வேறொன்று. 1879இல் அவருடைய மாணவர்களான சசாகியும் இய்ஜிமாவும் ஒக்கதைரா என்னுமிடத்திலுள்ள சிப்பி மேட்டை அயல்நாட்டார் துணையின்றித் தாமே அகழ்ந்து அறிக்கை எழுதினர். தாம் இல்லாமலே தம் பணி தொடரும்படி செய்வதினும் ஓர் ஆசிரியர் பெறத்தக்க பேறு வேறென்ன!

நிறைவு

1879இல் தாயகம் திரும்பிய மோர்ஸ், மறு ஆண்டு முதல் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகரப் பீபாடி அருங்காட்சியகத்தின் தலைவராக விளங்கினார். 1882இல் மீண்டும் ஜப்பான் சென்று மட்கலங்களைத் திரட்டினார். ஜப்பானியர் வீடுகளின் அமைப்பைப் பற்றித் தம் கைப்படங்களுடன் நூலும் எழுதினார்.

1923ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்தைத் தொடர்ந்து எழுந்த தீயில் டோக்கியோ பல்கலைக்கழக நூலகம் சாம்பலாயிற்று. அச்செய்தி அறிந்த முதியவர், தாம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள் யாவும் தமக்குப் பின் அந்நூலகத்திற்கே சேர வேண்டுமென எழுதி வைத்தார். 1925 டிசம்பர் 20ஆம் நாள் அவர் மறைந்தார். ஏறத்தாழ 12,000 நூல்கள் கடல் கடந்து டோக்கியோ சென்றன. இரண்டே ஆண்டுகள் பாடம் சொன்ன இடத்திற்கு, அரை நூற்றாண்டு கழித்து ஓர் ஆசிரியர் செலுத்திய அன்புக் காணிக்கை அது.

தோழர்களே, பாதைக்காக வெட்டப்பட்ட மேடுகளும், ஏரிக்கரைகளும், மழை அரித்த ஓடைகளும் நம் ஊரிலும் உண்டு. அவ்வழியே நாமும் நாள்தோறும் பேருந்தில் வருகிறோம். சன்னலுக்கு வெளியே ஒருமுறை கூர்ந்து நோக்குவோம்.