அஸீஸ் துரைக் கண்டம் சொல்லும் பாடம்

இன்று எந்த நாட்டுச் செய்தியைப் பார்த்தாலும் ஊழல் பற்றிய செய்தி இல்லாமல் இல்லை. மலேசியாவின் பிரதமராக இருந்த நஜீப் ரசாக், நாட்டின் அபிவிருத்திக்கென அமைக்கப்பட்ட நிதியத்தோடு தொடர்புடைய ஊழல் வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்டு 2022ஆம் ஆண்டு சிறைக்குச் சென்றார். அதே ஆண்டில் நாமெல்லாம் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்றோம். அந்தப் பொருளாதார வீழ்ச்சி தொடர்பான வழக்கில், நாட்டை ஆண்டவர்களும் உயர் அதிகாரிகளும் மக்கள் தம்மீது வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று எமது உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது.

மக்கள் வைத்த நம்பிக்கை என்று நீதிமன்றம் சொன்னதைத்தான் நாம் அமானிதம் என்கிறோம். சிறு வயதிலிருந்தே குத்பாக்களில் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிப்போன சொல் அது. ஆனால் அதிகாரத்தை அமானிதமாகச் சுமந்த ஒருவர் எப்படி இருப்பார் என்று கேட்டால் பலர் கலீபாக்களின் காலத்துக்கே போய்விடுகிறார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பெரியநீலாவணையிலிருந்து பிரதான வீதியில் மருதமுனையையும் பாண்டிருப்பையும் கடந்தால் வரும் கல்முனையில், எண்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அப்படிக் கடமையாற்றினார். அவர்தான் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ்.

அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ் 1911ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தார். தந்தை எஸ்.எம். அபூபக்கர் சட்டத்தரணி. வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். பிறகு கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயின்று 1933இல் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்காகக் கேம்பிரிட்ஜ் சென்றிருந்தபோது இலங்கை சிவில் சேவைப் பரீட்சையில் சித்தியடைந்த செய்தி வந்தது. நாடு திரும்பி 1935இல் சேவையில் இணைந்தார். அந்தச் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம் அவரே.

சிவில் சேவை அன்று எவ்வளவு பெரிய பதவி என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். காணி, வருமானம், நிர்வாகம் எல்லாம் அந்த அதிகாரிகளின் கையெழுத்தில் தங்கியிருந்தன. மக்கள் அவர்களைத் துரை என்றே அழைத்தார்கள்.

1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு வீசின. நான்கு நாட்களின் பின் திருகோணமலையும் தாக்கப்பட்டது. அதற்கு முன்பே பர்மா ஜப்பானியரிடம் வீழத் தொடங்கியிருந்தது. பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கைக்கு அது பேரிடி. அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது, பதுக்கலும் கறுப்புச் சந்தையும் தலைதூக்கின. நாட்டுக்கு நெல் தேவை, அதை விளைவிக்கக் கிழக்கில் நிலம் இருந்தது. அந்த மாதத்திலேயே கல்முனையில் அவசரகால உதவி அரசாங்க அதிபர் அலுவலகம் திறக்கப்பட்டு, முப்பது வயது அஸீஸ் அதற்குப் பொறுப்பாக அனுப்பப்பட்டார்.

அந்த நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பஞ்ச காலம். யாருக்கு அரச காணி கிடைக்கும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் ஓர் இளைஞரின் மேசையில். பெரிய போடிமாருக்கு ஆள்பலமும் பணபலமும் இருந்தன, ஏழைக் கமக்காரனிடம் இரண்டு கைகள் மட்டுமே. ஊழல் விளைய இதைவிட நல்ல வயல் வேறு வேண்டுமா?

அங்கு விளைந்தது நெல்தான். காடாகக் கிடந்த அரச காணிகள் பயிர் செய்வோருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டு வயல்களாயின. காணியில்லாதிருந்தவர்கள் காணிக்காரர் ஆனார்கள். நன்றி மறவாத விவசாயிகள் ஒரு வயற்பரப்புக்கு அஸீஸ் துரைக் கண்டம் என்று பெயர் வைத்தார்கள். அடிக்கல்லிலும் பெயர்ப் பலகையிலும் தம் பெயரைத் தாமே பொறித்துக்கொள்ளும் அரசியல்வாதிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, உழுதவன் வைத்த பெயரின் பெறுமதி விளங்க வேண்டும்.

இந்தப் பகுதி முஸ்லிம்களின் வறுமையையும் கல்விக் குறைவையும் அவர் நேரில் கண்டதும் அப்போதுதான். வயல் மட்டும் போதாது என்று உணர்ந்து, 1942இலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாக வழிசெய்தார். காரைதீவைச் சேர்ந்த சுவாமி விபுலாநந்தரோடு நெருங்கிப் பழகி, கல்வியைப் பற்றியும் சமூகத்தைப் பற்றியும் கலந்து பேசினார். கல்முனையில் முளைத்த அந்த எண்ணமே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக நாடளாவிய அளவில் விரிந்தது. வசதியில்லாத காரணத்தால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். அவரை நினைவுகூருகிறவர்கள் அவர் எதைச் சேர்த்தார் என்று பேசுவதில்லை, எத்தனை பேரைப் படிக்க வைத்தார் என்றே பேசுகிறார்கள்.

நபி (ஸல்) அவர்கள் ஸகாத் வசூலிக்க அனுப்பிய ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்த சம்பவம் நாம் அறிந்ததே. பெற்றோரின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபியவர்கள் கேட்டார்கள். அன்பளிப்பு மனிதனுக்கு வருவதில்லை, அவன் இருக்கும் கதிரைக்கே வருகிறது. ஆகவே ஒருவரை அளக்க, அவர் அந்தக் கதிரையை விட்டு எழும்புகிறாரா என்று பார்த்தாலே போதும்.

அஸீஸ் எழும்பினார். 1948இல், சுதந்திர இலங்கையில் இன்னும் உயரப் போகக்கூடிய சிவில் சேவைப் பதவியைத் துறந்து, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். துரையாக இருந்தவர் ஆசிரியரானார். 1961 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அது ஸாஹிராவின் பொற்காலம் என்று இன்றும் சொல்வார்கள்.

1952இல் செனட் சபைக்கு நியமனம் பெற்றார். ஐக்கிய தேசியக் கட்சியில் இருந்தவர், 1956இல் தனிச் சிங்களம் என்ற மொழிக் கொள்கையை ஏற்க முடியாமல் அந்தக் கட்சியை விட்டு விலகினார். 1963இல் செனட் பதவியையும் விட்டு, அரச ஊழியரின் நியமனத்துக்கும் இடமாற்றத்துக்கும் ஒழுக்காற்றுக்கும் பொறுப்பான பொதுச்சேவை ஆணைக்குழுவின் உறுப்பினரானார். அதே ஆண்டில் இலங்கையில் இஸ்லாம் என்ற அவரது நூலும் வெளிவந்தது. 1973 நவம்பர் 24ஆம் திகதி வபாத்தானார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980இல் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

இதை எழுதும்போது எனக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. ஆசிரியர் கலாசாலையை முடித்து வெளியேறிய ஆண்டில் எனக்குத் தூரப் பிரதேசப் பாடசாலை ஒன்றில் நியமனம் கிடைத்தது. ஊருக்கு அருகில் மாறுவதற்காக ஓர் அரசியல்வாதியின் ஆளிடம் கடிதம் வாங்கினேன். காசு கொடுக்கவில்லை, ஆகவே அது இலஞ்சமில்லை என்று பல வருடங்கள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நான் வந்த இடத்துக்கு உரித்துடைய வேறொரு ஆசிரியர் இருந்திருப்பார். நான் விட்டு வந்த வகுப்பில் பிள்ளைகள் எத்தனை மாதம் ஆசிரியரின்றி இருந்தார்களோ, நான் விசாரிக்கவே இல்லை.

உலகத் தலைவர்களின் ஊழலைத் தேநீர்க் கடையில் இருந்து திட்டுவது இலேசு. ஒழுக்கம் தேய்வது முதலில் இந்தச் சின்னக் கடிதத்தில்தான். ஓர் அதிகாரி வந்தால் அவர் நம்மவரா என்று கேட்கிறோம், நேர்மையானவரா என்று கேட்பதில்லை. நம்மவர் எடுத்தால் அதற்கு நியாயம் தேடுகிறோம், மற்றவர் எடுத்தால் மட்டும் ஊழல் என்கிறோம். வீட்டில் இதைக் கேட்டு வளரும் பிள்ளை நாளை ஒரு மேசையின் பின்னால் உட்காரும்போது வேறென்ன செய்யும்?

அஸீஸைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசிவிட்டோம். இனி வகுப்பறைகளில் பேசுவோம். முதலாவதாக, அடுத்த முறை ஒரு கடிதத்துக்காக யாருடைய வீட்டு வாசலிலும் நிற்காமல் இருப்போம். அமானிதங்களைப் பேணி நடப்போரின் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம்மையும் சேர்ப்பானாக.