நோயிலும் நிலைகுலையாத ஞானி: பகவான் ரமண மகரிஷி

மானிடப் பிறவி எடுத்த எவருக்கும் பிணியும் மூப்பும் சாக்காடும் விலக்கல்ல. ஆயினும் ஊரில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தவுடன், எவ்வளவோ கோயில் கும்பிட்ட இவருக்கு ஏன் இப்படி வந்தது என்ற கேள்வி பலர் மனதிலும் எழுகின்றது. செய்த பாவத்தின் பலன் என்று கூறுவோரும் உளர். இப்பேச்சுக்கு அஞ்சி நோயை அயலவருக்கும் உறவினருக்கும் மறைத்து வைக்கும் குடும்பங்களும் உண்டு. இத்தகையோர் மனங்கொள்ள வேண்டிய வாழ்வு, திருவண்ணாமலையில் வாழ்ந்த பகவான் ஸ்ரீ ரமண மகரிஷிகளின் வாழ்வாகும். பற்றனைத்தையும் துறந்த அம்மகான் தமது வாழ்வின் இறுதிப் பதினான்கு மாதங்களைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவாறே கழித்தார்.

இளமையும் துறவும்

பாண்டிநாட்டுத் திருச்சுழி என்னும் சிவத்தலத்தில் 1879ஆம் ஆண்டு மார்கழி மாதத் திருவாதிரையை ஒட்டிய நாளில், சுந்தரம் ஐயருக்கும் அழகம்மைக்கும் புதல்வராக அவர் அவதரித்தார். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். 1892இல் தகப்பனார் காலமாக, மதுரையில் சிறிய தகப்பனார் வீட்டில் இருந்து கல்வி கற்றார். பெரியபுராணம் அவர் கைக்குக் கிடைத்தது அங்கேதான். நாயன்மார்களின் பக்தி அவ்விளைஞரின் உள்ளத்தை உருக்கியது.

1896ஆம் ஆண்டு ஆடி மாதமளவில், உடலில் நோய் எதுவும் இல்லாதிருந்த வேளையில், திடீரென மரணபயம் அவரைப் பற்றிக்கொண்டது. அவர் வைத்தியரைத் தேடி ஓடவில்லை. பிணம்போல் நீட்டிப் படுத்து, இறப்பது எது, இறவாதிருப்பது எது என்று தம்முள்ளே ஆராய்ந்தார். அழிவது உடல் மாத்திரமே என்ற தெளிவு அன்றே அவருக்குச் சித்தித்தது. அப்போது அவருக்கு வயது பதினாறு. ஆறு வாரங்களின் பின் வீட்டை விட்டுப் புறப்பட்டு, 1896 செப்டெம்பர் முதலாந் திகதி அருணாசலேசுவரர் சந்நிதியை அடைந்தார். அதன் பின் ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அத்தலத்தை விட்டு அவர் நீங்கவேயில்லை.

நோயாளிக்கு அருகிருந்த மகன்

நோயுற்றோரை எவ்வாறு பராமரிக்க வேண்டும் என்பதை அவர் தமது தாயாரின் மூலம் உலகுக்குக் காட்டினார். 1914இல் தம்மைக் காண வந்த அன்னை கடுங்காய்ச்சலில் வீழ்ந்தபோது, அருகிருந்து பணிவிடை செய்ததோடு, அன்னையின் பிணி தீர அருணாசலனை வேண்டிப் பாடல்களும் இயற்றினார். தமக்கென எதனையும் வேண்டாதவர் தாய்க்காக வேண்டினார். 1922ஆம் ஆண்டு வைகாசி மாதம் அன்னை இறுதி மூச்சோடு போராடிய நாளில், ஒரு கையை அன்னையின் மார்பிலும் மறு கையைத் தலையிலும் வைத்தபடி உயிர் ஒடுங்கும்வரை அருகிலேயே அமர்ந்திருந்தார்.

அன்னையின் சமாதி மலையடிவாரத்தில் அமைந்தது. அதனைச் சூழ வளர்ந்ததே ரமணாச்சிரமம். அங்கே அதிகாலையில் எழுந்து சமையற்கட்டில் காய்கறி நறுக்குவதும், வந்த கடிதங்களைப் பார்வையிடுவதும், மலையில் உலாவுவதும், மண்டபத்தில் அடியார்களுக்குத் தரிசனம் கொடுப்பதும் அவரது நித்திய ஒழுங்காய் இருந்தன. கோவணமும் கைத்தடியும் கமண்டலமுமே அவரது உடைமைகள். பந்தியில் மற்றவருக்கு இல்லாத எதனையும் தமது இலையில் இட அவர் இடங்கொடுத்ததில்லை. 1924இல் ஆச்சிரமத்தில் புகுந்த கள்வர் அவரது தொடையில் அடித்தபோதும், திருப்பி அடிக்க எழுந்த அடியவரைத் தடுத்து நிறுத்தினார்.

கும்பாபிஷேகமும் நோயும்

1949ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரது இடது முழங்கைக்குக் கீழே சிறிய கட்டி ஒன்று தோன்றியது. முதலில் எவரும் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. பெப்ரவரி மாதம் ஆச்சிரம வைத்தியர் அதனை வெட்டி அகற்றினார். ஆனால், ஒரு மாதத்துக்குள் கட்டி முன்னிலும் பெரிதாக மீண்டும் வளர்ந்தது. அது சார்க்கோமா எனப்படும் ஒருவகைப் புற்றுநோய் என்பது பின்னர் தெரியவந்தது.

அவ்வேளையில் அன்னையின் சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்தின் கும்பாபிஷேகம் நெருங்கிவிட்டது. 1939இல் ஆரம்பித்த திருப்பணி பத்தாண்டுகளின் பின் நிறைவெய்திய காலம் அது. மார்ச் 17ஆந் திகதி குடமுழுக்கு நிகழ்ந்தது. ஆயிரக்கணக்கில் அடியார்கள் திரண்டனர். கையில் நோய் வளர்ந்துகொண்டிருந்தபோதும் மகரிஷிகள் கிரியைகள் நடந்த நாட்களில் அடியார் நடுவே வழமைபோல் அமர்ந்திருந்தார். தமது நோயைக் காரணங்காட்டி விழாவில் எதனையும் குறைக்கவோ பிற்போடவோ அவர் விடவில்லை.

சத்திரசிகிச்சையும் மருந்துகளும்

கும்பாபிஷேகம் முடிந்த பின், மார்ச் மாத இறுதியில், சென்னையிலிருந்து வந்த சத்திரசிகிச்சை நிபுணர் இராகவாச்சாரி இரண்டாவது சத்திரசிகிச்சையைச் செய்தார். அதன் பின் ரேடியம் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. இன்றைய கதிர்வீச்சு இயந்திரங்கள் இல்லாத அக்காலத்தில் புற்றுநோய்க்குக் கிடைத்த முக்கிய வழிகளில் அதுவும் ஒன்று. இருந்தும் புண் ஆறவில்லை.

கையை முற்றாக அகற்றிவிடுவதே தக்கது என்று வைத்தியர்கள் ஆலோசனை கூறினர். அதற்கு மாத்திரம் மகரிஷிகள் உடன்படவில்லை. உடலே ஒரு நோயாக இருக்க, அதற்கு வந்த நோயைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை, புண்ணுக்குக் கட்டுப் போட்டு வந்தாற் போதும் என்பது அவர் கருத்து. அவர் அப்போது எழுபதை அண்மித்த துறவி. தமது முடிவைத் தெளிவோடு எடுத்தார். எனினும் வைத்தியத்தை அவர் வெறுத்து ஒதுக்கினார் என்று கொள்வது தவறு. ஓகஸ்ட் மாதம் மூன்றாவது சத்திரசிகிச்சைக்கும், டிசெம்பர் மாதம் நான்காவது சத்திரசிகிச்சைக்கும் அமைதியாகத் தம்மை ஒப்புக்கொடுத்தார்.

இடையிடையே நாட்டு வைத்தியர் பச்சிலை வைத்துக் கட்டினர். ஹோமியோபதி மருந்தும் ஆயுர்வேத மருந்தும் கொடுக்கப்பட்டன. எந்த வைத்தியம் நல்லது என்பதில் அடியார்களிடையே கருத்து வேறுபாடுகள் எழுந்தன. ஒவ்வொருவரும் தாம் நம்பிய மருந்தைக் கொண்டுவந்தனர். அவரோ எவர் மனமும் நோகாதபடி, அன்போடு கொண்டுவந்த மருந்தை ஏற்றுக்கொண்டார். தமக்கென்று இன்ன வைத்தியம் வேண்டுமென அவர் கேட்கவில்லை. அம்மருந்துகள் தமது உடலைக் காப்பதிலும் பார்க்க அடியார்களின் ஆறுதலுக்கே உதவுகின்றன என்பதை அவர் அறிந்திருந்தார்.

நோய்க்கால நாட்கள்

இம்மாதங்களில் அவர் நாட்களைக் கழித்த முறையே வியப்புக்குரியது. முதற் சத்திரசிகிச்சைகளின் பின் தமது வழமையான ஒழுங்கை இயன்றவரை விடாது கைக்கொண்டார். ஓகஸ்ட் மாதச் சத்திரசிகிச்சை நடந்த அன்று மாலையே ஆச்சிரம வைத்தியசாலை விறாந்தையில் அமர்ந்து அடியார்களுக்குத் தரிசனம் கொடுத்தார். அங்கே சில நாட்கள் தங்கி ஓய்வெடுக்கும்படி வைத்தியர்கள் கேட்டிருந்தனர். ஆயினும் தாம் அங்கிருப்பதால் மருந்துக்கு வரும் ஏனைய நோயாளர்களுக்கு இடைஞ்சல் என்று எண்ணி, மறுநாளே தமது மண்டபத்துக்குத் திரும்பிவிட்டார்.

வலி இல்லை என்று அவர் ஒருபோதும் பாசாங்கு செய்யவில்லை. கேட்டவர்களிடம் வலி இருப்பதை ஒப்புக்கொண்டார். இரவுகளில் அவர் முனகியதைக் கேட்டவர்களும் உண்டு. உடலுக்கு வந்த வலியை உடலின் வலியாகவே கண்டு, மனதைத் துயரத்துக்கு ஆளாக்காமல் இருந்ததே அவரது பெருமை. குருதி இழப்பால் உடல் மெலிந்து சோகை பிடித்தது. முழங்கால் வாதம் ஏற்கனவே அவரை வருத்தியது. அந்நிலையிலும் பிறர் தாங்கிப் பிடிப்பதை விரும்பாது தாமே நடக்க முயன்றார்.

1950ஆம் ஆண்டு ஜனவரி 5ஆந் திகதி அவரது எழுபதாவது ஜயந்தி கொண்டாடப்பட்டது. நான்காவது சத்திரசிகிச்சை நடந்து மூன்று வாரங்கூட ஆகாத நேரம். அவர் கூட்டத்தின் நடுவே அமர்ந்து அடியார்களின் துதிகளைக் கேட்டார். கோயில் யானையும் வந்து அவரை வணங்கித் துதிக்கையால் பாதங்களைத் தொட்டுச் சென்றது.

அதன் பின் கட்டி தோளின் பக்கமாக மேலே பரவியது. இனிச் சத்திரசிகிச்சையால் பயனில்லை என்று வைத்தியர்கள் முடிவுசெய்தனர். மகரிஷிகள் மண்டபத்துக்கு எதிரேயிருந்த சிறிய அறை ஒன்றில் படுத்திருந்தார். காலையும் மாலையும் அடியார்கள் வரிசையாகச் சென்று அவரைத் தரிசித்தனர். உடல் நலம் கருதித் தரிசனத்தை நிறுத்த மற்றையோர் எண்ணியபோதும் அவர் சம்மதிக்கவில்லை. தொலைதூரத்திலிருந்து வந்தவர் தம்மைக் காணாது திரும்பக்கூடாது என்பதே அவரது விருப்பமாய் இருந்தது.

கலங்கியோரைத் தேற்றிய நோயாளி

நோயாளியை மற்றவர் தேற்றுவதே உலக வழக்கம். இங்கோ நோயாளியே மற்றவரைத் தேற்றினார். அந்நோயைத் தமக்குத் தந்துவிடும்படி ஒரு அடியவர் கண்ணீரோடு வேண்டினார். அப்படியானால் இந்த நோயைத் தமக்குத் தந்தவர் யார் என்று மகரிஷிகள் மென்மையாகக் கேட்டார். உணவு உண்டு முடித்த பின் வாழையிலையை எவரும் பத்திரப்படுத்தி வைப்பதில்லை என்ற உவமையால் உடலின் இயல்பை விளக்கினார். தங்களை விட்டுப் போகிறாரே என்று அடியார்கள் புலம்பியபோது, தாம் போவதற்கு வேறு இடமேது, இங்கேயே இருப்பதாகக் கூறி அவர்களை அமைதிப்படுத்தினார். அந்த இறுதி நாட்களிலும் வெளியே மயில்கள் அகவுவதைக் கேட்டு, அவற்றுக்கு இரை போட்டாயிற்றா என்று விசாரித்தார்.

மகாசமாதி

1950 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. தமக்குப் பணிவிடை செய்த தொண்டரிடம் தமது மகிழ்ச்சியை அன்று அவர் தெரிவித்தார். எத்தனையோ மாதங்கள் இரவு பகலாகப் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டுத் தாங்கியவர்களின் உழைப்பை அவர் மறக்கவில்லை. மாலையானதும் தம்மை எழுப்பி உட்காரவைக்குமாறு கேட்டார். பிராணவாயு கொடுக்க முற்பட்ட வைத்தியரைக் கையசைத்துத் தடுத்தார்.

வெளியே கூடியிருந்த அடியார்கள், அவரே முன்னொரு காலத்தில் பாடிய அருணாசல அட்சரமணமாலையைப் பாடத் தொடங்கினர். அதைக் கேட்டு அவர் கண்கள் சற்றே திறந்து ஒளிர்ந்தன. கடையோரத்தில் ஆனந்தக் கண்ணீர் வழிந்தது. இரவு 8.47 மணிக்கு மூச்சு அமைதியாக ஒடுங்கியது. அவ்வேளையில் வானில் பேரொளி ஒன்று அருணாசல மலையை நோக்கி மெல்லச் சென்றதைப் பலர் கண்டனர். அப்போது அங்கிருந்த பிரான்சு நாட்டுப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெசோனும் அதனைக் கண்டவர்களுள் ஒருவர். மறுநாள் அவரது திருமேனி அன்னையின் ஆலயத்துக்கு அருகே சமாதி வைக்கப்பட்டது. இன்று அங்கே சிவலிங்கம் பிரதிட்டை செய்யப்பட்டு நித்திய பூசை நடைபெறுகின்றது.

அவர் வாழ்வு காட்டும் வழி

தவத்திற் சிறந்த ரமண மகரிஷிகளுக்கே இந்நோய் வந்தது என்றால், அது வந்தவரைப் பாவம் செய்தவர் என்று பேசுவது எவ்வளவு அறியாமை! நோய் உடலின் இயல்பு. அதனால் ஒருவரின் பக்தியோ ஒழுக்கமோ குறைந்துவிடுவதில்லை. மகரிஷிகள் தமது புண்ணை எவருக்கும் மறைக்கவில்லை. வைத்தியரை நாடுவதை இறைநம்பிக்கைக்கு மாறானதாகவும் கருதவில்லை.

கையை அகற்ற அவர் மறுத்ததைக் காட்டி, இன்று எவரும் சிகிச்சையைத் தவிர்க்கலாகாது. அது தேகாபிமானம் அற்ற ஒரு ஞானியின் தனிப்பட்ட தீர்மானம். பிள்ளைகுட்டிகளும் பொறுப்புகளும் உடைய இல்லறத்தாரின் நிலை வேறு. 1949இல் வைத்தியர்களிடம் இருந்த வழிகள் மிகச் சில. இன்று சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும் மருந்துகளும் எவ்வளவோ முன்னேறியுள்ளன. காலந்தாழ்த்தாது கண்டறிந்தால் குணமாகும் புற்றுநோய்கள் பல. எனவே உடலில் எங்கேனும் புதிதாகக் கட்டி தோன்றினாலும், ஆறாத புண் இருந்தாலும், வெட்கத்தையும் அச்சத்தையும் விட்டு உடனே வைத்தியரிடம் காட்டுவது கடமை.

சிகிச்சை பெறும் அடியார் இயன்றபோது கோயிலுக்கு வருவதும், வீட்டு வேலைகளில் முடிந்ததைச் செய்வதும், வலிக்கும்போது வலிக்கிறது என்று சொல்வதும், பணிவிடை செய்வோருக்கு ஒரு நல்வார்த்தை கூறுவதும் மகரிஷிகள் நடந்து காட்டிய வழியே. சூழ இருப்போர் அவரை ஒதுக்காமல், பழையபடி ஊர் நன்மை தீமைகளில் அழைத்துச் சேர்த்துக்கொள்வதும் சிவத்தொண்டேயாம்.

பிணியுற்றோர் யாவரும் உடல்நலமும் மனத்திடமும் பெற்று, அவர்களைப் பராமரிப்போர் தளராத பொறுமை பெற்று வாழ, எல்லாம் வல்ல பரம்பொருளின் திருவருள் துணைநிற்பதாக.