கஹவத்தைப் பிள்ளைகளும் வவுனியாவின் டொக்டர் ஐயாவும்

கஹவத்தைக்கு அருகே ஒரு தோட்டத்தில், ஏ.எல். எழுதிவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி எழுதத்தான் போயிருந்தேன். கொழும்பில் கடை வேலை, இல்லையென்றால் கார்மெண்ட். அதற்கும் யாராவது சொல்லிவிட வேண்டும். பேச்சுக்கிடையில் அந்த லயத்து அம்மாயி ஒருவர், 1977 கலவரத்தோடு தன் அக்கா குடும்பம் வவுனியாவுக்குப் போனதையும், அங்கே அக்கா மகளுக்குச் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் வேலை கிடைத்ததையும் சொன்னார். வேலை கொடுத்தது ஒரு டொக்டர் ஐயாவின் இயக்கமாம். பெயர் மறந்துவிட்டது.

அவர் சொன்ன அடையாளங்களுக்குப் பொருந்துகிறவர் வைத்தியர் இராஜசுந்தரம். வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டவர்களின் பட்டியலில்தான் நம்மில் பலர் அந்தப் பெயரை வாசித்திருக்கிறோம். அவர் வாழ்ந்த காலத்தைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

கட்டடக் கலைஞர் டேவிட் ஐயா 1976இல் காந்தியம் அமைப்பைத் தொடங்கியபோது உடன் நின்றவர் இராஜசுந்தரம். அவரும், வைத்தியரான அவர் மனைவியும் வவுனியாவில் மருத்துவம் பார்த்தார்கள். மறுவருடம் ஓகஸ்டில் கலவரம். சப்ரகமுவவில் தமிழர் வாழும் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பவை; லயம் எரிந்தால் ஓடுவதற்குப் பக்கத்துத் தோட்டம்கூட இருக்காது. 1948 சட்டத்தால் குடியுரிமை இழந்து, எழுபதுகளின் பட்டினியையும் கண்ட குடும்பங்கள் வடக்கே போயின. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரிப் பக்கம் மறுபடி அடி விழுந்தது. மறுபடி ஆட்கள் போனார்கள்.

அரிசியும் தறப்பாளும் கொடுத்து அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். காந்தியம் அதோடு நிற்கவில்லை. எல்லையோரக் காணிகளில் குடும்பங்களைக் குடியேற்றி விவசாயத்தில் இறக்கியது. இளம் பெண்களை வவுனியாவுக்கு அழைத்து, பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவும் அவர்களின் ஆரோக்கியத்தைக் கவனிக்கவும் பழக்கி, கிராமங்களில் முன்பள்ளி நடத்த அனுப்பியது. முன்பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பாலும் சத்துணவும் கிடைத்தன. பயிற்சி, வேலை, பிறகு கூட நிற்க ஓர் அமைப்பு, மூன்றும் ஒரே இடத்தில். இன்றைக்குத் தொழில் வழிகாட்டல் என்று பதாகை கட்டி ஒரு நாளில் முடிக்கும் பட்டறைகளை நிறையப் பார்த்தவள் நான். மூன்றாவது விஷயம் அவற்றில் அனேகமாக இருப்பதில்லை. நேற்று அகதியாக வந்த பெண்ணை ஓர் ஊர் இன்று ரீச்சர் என்று கூப்பிடுவது சின்ன விஷயமல்ல.

ஆனால் எல்லையோரத்தில் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றுவது அரசுக்கு உறுத்தியது. இளைஞர் இயக்கங்களோடு தொடர்பு என்று குற்றஞ்சாட்டி, 1983 ஏப்ரலில் இராஜசுந்தரத்தையும் டேவிட் ஐயாவையும் கைது செய்தார்கள். சித்திரவதைக்குப் பிறகு வெலிக்கடை. ஜூலை 25இல் அங்கே 35 பேர் கொல்லப்பட்டார்கள். 27ஆம் திகதி இரண்டாவது தாக்குதலில் 18 பேர்; அதில் ஒருவர் இராஜசுந்தரம். கதவை உடைத்து வந்தவர்களோடு பேசிப் பார்க்க முன்னால் போனார் என்பது தப்பியவர்களின் நினைவு. டேவிட் ஐயா உயிர் தப்பி, 2015 வரை வாழ்ந்தார். 53 கொலைகளுக்கும் இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

1984இல் கென்ற், டொலர் பண்ணைகளில் இருந்த மலையகக் குடும்பங்களை வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் சிறைக்கைதிகளைக் குடியமர்த்தினார்கள். அந்த வருட நவம்பரில் புலிகள் அங்கே நடத்திய தாக்குதலும் அதில் செத்தவர்களும்தான் வரலாற்றில் பெரிதாகப் பதிந்தன. அதற்கு முன் அந்த மண்ணைக் கொத்தியவர்கள் ஓர் அடிக்குறிப்பாகக்கூட இல்லை.

அம்மாயியின் அக்கா குடும்பம் கடைசி யுத்தம்வரை வன்னியில் இருந்ததாம். பிறகு தகவல் இல்லை.

நான் டொக்டர் ஐயாவின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பேத்தி அதை வாங்கிச் சத்தமாக வாசித்தாள். ஏ.எல். முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருக்கும் பிள்ளை. முன்பள்ளி ஆசிரியைக்கான பயிற்சி இப்போது எங்கே கொடுக்கிறார்கள், தங்குமிடம் தருவார்களா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இரண்டு இடங்களின் தொலைபேசி இலக்கங்களை அதே தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்.