பானையைத் திறந்து பார்த்த அம்மையார்

ராஜாங்க ஸ்தாபனம் ஒன்றைப் பெரிய மனிதர் பார்வையிட வருகிறார் என்றால், அன்று தரை கழுவப்பட்டிருக்கும்; நோயாளிகள் வெளுத்த துணி உடுத்தியிருப்பார்கள். வந்தவர் உபசாரம் பெற்று, பார்வைப் புத்தகத்தில் இரண்டு வரி புகழ்ந்தெழுதிவிட்டுத் திரும்புவார். இவ்வழக்கம் எல்லாத் தேசங்களுக்கும் பொது. இதற்கு உட்படாத ஒரு கவர்னரின் மனைவியின் சரித்திரம், பொதுஜன ஊழியத்தில் இறங்குவோர் அனைவரும் அறியத்தக்கது.

எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார் 1884-ம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி நியூயார்க் நகரில் ஒரு செல்வக் குடும்பத்தில் பிறந்தார். செல்வம் இருந்ததேயன்றி இளமையில் சுகமில்லை. எட்டு வயதில் தாயையும், பத்து வயது நிரம்புமுன் தந்தையையும் இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். கூச்சமும் பயமும் மிகுந்த அப்பெண்ணுக்கு இங்கிலாந்தில் கற்ற பள்ளி தைரியமளித்தது. 1905-ல் தூர உறவினரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை மணந்தார்.

1921 ஆகஸ்டில், 39-வது வயதில் கணவரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. கால்கள் மீண்டும் சுவாதீனத்துக்கு வரவில்லை. மகன் அரசியலைத் துறந்து கிராம மாளிகையில் ஓய்ந்திருக்க வேண்டுமென்று மாமியார் தீர்மானித்தார். கால் வழங்காமற் போனதால் மனிதனே வழங்காமற் போய்விட்டான் என்பதை அம்மையார் ஏற்கவில்லை. நண்பர் லூயி ஹௌவின் துணைகொண்டு மாமியாரை எதிர்த்து நின்றார். கூட்டமென்றாலே நடுங்கியவர், கணவரின் பெயர் ஜனங்களுக்கு மறவாதிருக்கும் பொருட்டு, ஜனநாயகக் கட்சியின் மாதர் பகுதியில் சேர்ந்து மேடையேறினார்.

1929 முதல் 1932 முடிய பிராங்க்ளின் நியூயார்க் ராஜ்யத்தின் கவர்னராயிருந்தார். மனநோய் ஆஸ்பத்திரி போன்ற ஸ்தாபனங்களுக்குச் சென்றால், படியேற இயலாத கவர்னர் அதிகாரியுடன் மோட்டாரில் வெளிப்புறத்தைச் சுற்றி வருவார். அம்மையார் உள்ளே போவார். ஆரம்பத்தில் அவர் கொண்டுவந்த செய்தி, எழுதி வைத்திருந்த உணவுப் பட்டியல்தான். பானைக்குள் இருந்ததைப் பார்த்ததுண்டா என்று கணவர் வினவியபோது அவரிடம் பதிலில்லை. அதன்பின் அவர் அடுப்பிலிருந்த பானைகளைத் திறந்து பார்த்தார். கட்டில்கள் நெருக்கிப் போடப்பட்டிருக்கின்றனவா, பகலில் மடித்துக் கதவுக்குப் பின் மறைக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஆராய்ந்தார். சிப்பந்திகளைக் கண்டதும் நோயாளிகளின் முகம் எப்படி மாறுகிறதென்று கவனித்தார்.

குறை ஒன்றையும் மறைப்பதற்கில்லை. 1933-ல் பிராங்க்ளின் ஜனாதிபதியான பிறகும், அவருடைய சக்கர நாற்காலி ஜனங்களின் கண்ணில் படாதபடி காக்கப்பட்டது. ஊனம் வெட்கத்துக்குரியது என்ற உலகத்தின் மூடக் கருத்துக்கு அவ்வளவில் இருவரும் பணிந்தே போயினர்.

1945 ஏப்ரலில் கணவர் காலமானார். அம்மையார் ஓய்ந்துவிடவில்லை. ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் மனித உரிமைக் கமிஷனுக்குத் தலைமை வகித்தார். நமது தேசத்தின் ஸ்ரீமதி ஹன்சா மேத்தாவும் அதில் அங்கம் வகித்து, ஆண்களையே சுட்டிய சொல்லை மனிதர் யாவரையும் குறிப்பதாகத் திருத்தச் செய்தார். 1948 டிசம்பர் 10-ந் தேதி பாரிஸில் 48 நாடுகள் ஆதரிக்க, எந்த நாடும் எதிர்க்காமல், உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. வேலையின்மை, நோய், முதுமை இவற்றோடு ஊனமுற்ற நிலையிலும் வாழ்வுக்குப் பாதுகாப்புப் பெறுவது மனிதனின் உரிமை என்று அதன் 25-வது விதி கூறுகிறது. தர்மமாக இரந்து பெற்றது, உரிமையாகக் கேட்கத்தக்கதாயிற்று.

1962 நவம்பர் 7-ந் தேதி அம்மையார் மறைந்தார். பிரகடனம் என்பது சுவரில் தொங்கும் உணவுப் பட்டியல் போன்றது. பானைக்குள் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு ஊரிலும் யாராவது திறந்து பார்த்தால்தான் அது அன்னமாகும். அந்த வேலை அதிகாரிகளுடையது மாத்திரமன்று, நம்முடையதுமாகும்.